பனி வர்ணனையும் வண்டிச் சக்கரமும்

தமிழில் பனியைப் பற்றி எழுதுவது மிகவும் சுலபமான காரியம். பால், பஞ்சு, மல்லிகை, உப்பளம், சலவை செய்த வேட்டி என்று ஐந்தாறு உவமைகள் கைவசம் இருந்தால் போதும். காஷ்மீருக்கோ சுவிட்ஸர்லாந்துக்கோ போய்வந்த நம் பிரயாண எழுத்தாளர்களில் பெரும்பாலோர் இந்த ஐந்தாறைத்தான் மாற்றி மாற்றி அடுக்கியிருக்கிறார்கள். இயற்கை அன்னை வெள்ளைப் போர்வை போர்த்திக்கொள்வாள், மலை முகடு தவம் செய்யும், எழுத்தாளர் மெய்ம்மறப்பார். அத்தியாயம் முடிந்துவிடும்.

எனக்கு இதில் ஒரே ஒரு சந்தேகம். மெய்ம்மறந்த அந்த எழுத்தாளர் ஒரு வண்டிக்குள் உட்கார்ந்திருந்தார் அல்லவா? அந்த வண்டியை யாரோ ஒருவன் ஓட்டிக்கொண்டிருந்தான் அல்லவா? அவனும் மெய்ம்மறந்திருந்தால் அந்த அத்தியாயம் அச்சுக்கு வந்திருக்காது. ஆனாலும் அவனைப் பற்றி ஒரு வரி இல்லை. வண்டி எப்படி நகர்ந்தது, வளைவில் எப்படித் திரும்பியது, எங்கே நின்றது என்று ஒரு வரி இல்லை. ஏ. கே. செட்டியாரைப் போல, காட்சியைவிட மனிதரை முதலில் பார்த்தவர்கள் நம் பிரயாண இலக்கியத்தில் சிலரே. மற்றவர்களுக்குப் பனி என்பது ஜன்னலுக்கு வெளியே மாட்டிய படம்.

படம் என்றதும் சினிமாவையும் சொல்லிவிடலாம். 1961இல் 'தேனிலவு' காஷ்மீருக்குப் போனது. 1992இல் 'ரோஜா', காஷ்மீர் போக முடியாத காலமாதலால், மணாலிப் பக்கத்துப் பனியைக் காஷ்மீராகக் காட்டியது. இடையிலும் பிறகும் எத்தனையோ படங்கள். பனி கண்ட இடத்தில் கதாநாயகி மெல்லிய புடவையோடு ஓடுவதும், கதாநாயகன் கம்பளிச் சட்டையோடு துரத்துவதும் நமக்குப் பழகிப்போன காட்சிகள். குளிர் ஒரு பாலாரைத்தான் பிடிக்கும் போலிருக்கிறது. சினிமாவை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அது எழுத்தாளனிடமிருந்து கற்றுக்கொண்டதைத்தான் செய்கிறது.

வாசகர் கேட்கலாம்: "பனியே பெய்யாத ஊரில் உட்கார்ந்துகொண்டு இதைப் பற்றி இவ்வளவு கவலை எதற்கு?" நியாயமான கேள்விதான். புதுச்சேரியில் மார்கழி விடியற்காலையில் புல்நுனி நனைவதுதான் நமக்குத் தெரிந்த பனி. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டால் தீர்ந்தது. ஆனால் புதுச்சேரியின் சங்கதி மற்ற ஊர்களின் சங்கதி அல்ல. 1954 நவம்பர் 1ஆம் தேதி பிரெஞ்சு நிர்வாகம் இங்கிருந்து விலகியது. 1962 ஆகஸ்ட் 16ஆம் தேதி ஒப்பந்தம் சட்டப்படி அமலுக்கு வந்தது. பிரெஞ்சுப் பிரஜையாகவே இருக்க விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். சொல்தாக் குடும்பங்கள் பல எழுதிக் கொடுத்தன. அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று பாரிஸ் சுற்றுப்புறத்திலும் அதற்கு அப்பாலும் இருக்கிறார்கள். பிரான்சில் உறவு இல்லாத தெரு இந்த ஊரில் அபூர்வம். ஜனவரி மாதத்தில், இங்கே பொங்கல் பாத்திரம் விளக்குகிற நேரத்தில், அங்கே ஒரு பேரன் இருட்டில் கார்க் கண்ணாடியிலிருந்து பனிக்கட்டியைச் சுரண்டிக்கொண்டிருக்கிறான். அவன் ஆறு மணி வேலைக்குப் போகவேண்டும். அவனிடம் இருப்பது ஒரு சாதாரணச் சிறிய கார். இவனைப் பற்றி நம் எழுத்துக்கு என்ன தெரியும் என்பதுதான் கேள்வி.

முதலில் சொல்லுக்கே பஞ்சம். பிரெஞ்சுக்காரன் விழுகிற வெண்பனியை 'நேஜ்' என்கிறான். மரக்கிளையிலும் கண்ணாடியிலும் படிகிற உறைபனியை 'ஜீவ்ர்' என்கிறான். சாலைமேல் கண்ணாடிபோல் உறைந்து, கண்ணுக்கே தெரியாமல் கிடக்கும் பனித் தகட்டை 'வெர்க்லா' என்கிறான். மூன்றும் மூன்று விதமான ஆபத்து. முதலாவதில் மெதுவாகப் போகலாம். இரண்டாவதைச் சுரண்டிவிட்டுப் போகலாம். மூன்றாவதில் போகாமல் இருப்பதே நல்லது. நாம் மூன்றையும் 'பனி' என்கிறோம். மார்கழிப் பனியும் அதே பனிதான். முன்பனி, பின்பனி என்று ஆண்டின் நான்கு மாதங்களுக்குப் பேர் வைத்த மொழியின்மேல் குற்றமில்லை. அது கண்டதற்குப் பேர் வைத்தது. காணப் போனவர்கள் கண்டதைப் பிரித்துச் சொல்லாததுதான் குற்றம்.

குளிரை எப்படி எழுதவேண்டும் என்பதற்கு நாம் வெளியே போய்ப் பாடம் கேட்கவேண்டியதில்லை. நெடுநல்வாடை எழுதிய நக்கீரர் பனிமலையைப் பார்த்திருக்க வேண்டிய அவசியமில்லை. மழையோடு வந்த வாடைக் குளிரைத்தான் அவர் சொல்கிறார். ஆனால் அவர் குளிரின் அழகைச் சொல்லிக்கொண்டு நிற்கவில்லை. குளிர் கோவலர்களின் கையை என்ன செய்தது, மாட்டை என்ன செய்தது, குரங்கையும் பறவையையும் என்ன செய்தது என்று ஒவ்வோர் உடம்பாகப் பார்த்துச் சொல்கிறார். இரண்டாயிரம் வருஷத்துக்கு முற்பட்ட இந்தப் பார்வை, விமானத்தில் போய்வந்த நமக்கு எப்படித் தவறிப் போயிற்று?

வண்டி விஷயத்துக்கு வருகிறேன். 'டூ வீல் டிரைவ்' என்றால் நம் ஊரில் மோட்டார் சைக்கிள் என்று நினைத்துக்கொள்வார்கள். அதுவல்ல. நான்கு சக்கரமும் உள்ள காரில் எஞ்சினுடைய சக்தி இரண்டு சக்கரங்களுக்கு மட்டும் போவது. பழைய அம்பாஸடரிலும் பத்மினியிலும் பின்சக்கரங்கள் தள்ளும். 1983இல் வந்த மாருதி 800இல் முன்சக்கரங்கள் இழுக்கும். இன்றைய சிறிய கார்கள் அநேகமாக எல்லாம் இந்த ஜாதிதான். இதைப் பெரிய அளவில் செய்து காட்டியவர்களில் பிரெஞ்சுக்காரர்களும் உண்டு. 1934இல் ஸித்ரோயேன் கம்பெனி வெளியிட்டு 1957 வரை செய்த காருக்குப் பேரே 'டிராக்ஸியோன் அவான்', அதாவது முன்னிழுப்பு. பனியில் இதற்கு ஒரு சௌகரியம் உண்டு. எஞ்சினின் கனம் இழுக்கிற சக்கரத்தின்மேலேயே உட்கார்ந்திருப்பதால் சக்கரம் தரையை அழுத்திப் பிடிக்கிறது. பின்சக்கரம் தள்ளுகிற வண்டியில் பின்பக்கம் லேசாக இருக்கும். அதனால்தான் அந்தக் காலத்தில் டிக்கியில் மணல் மூட்டையைப் போட்டுக்கொண்டு ஓட்டினார்கள். மணல் இரண்டு வழியில் உதவும்: கனத்துக்குக் கனம், மாட்டிக்கொண்டால் சக்கரத்தடியில் தூவவும் ஆகும்.

நான்கு சக்கரத்துக்கும் சக்தி போகிற வண்டி பனியில் கிளம்புவதற்கு நல்லது. ஏற்றம் ஏறுவதற்கும் நல்லது. இதை யாரும் மறுக்கமுடியாது. ஆனால் நிற்பதற்கு? எல்லாக் கார்களிலும் பிரேக் நான்கு சக்கரத்துக்கும்தான் இருக்கிறது. நிற்கிற நேரத்தில் பணக்காரன் வண்டியும் ஏழை வண்டியும் ஒன்றுதான். தரையைப் பிடிக்கவேண்டியது ரப்பர். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார், உலர்ந்த தார்ச்சாலையில் பிரேக் பிடித்த பிறகு சுமார் 14 மீட்டரில் நிற்கும். அழுந்திய பனியில் அதற்குச் சுமார் 50 மீட்டர் வேண்டும். வழுக்கும் பனிக்கட்டியில் 100 மீட்டர்கூட ஆகும். சாதாரண டயரின் ரப்பர், குளிர் 7 டிகிரிக்குக் கீழே போகப்போக விறைத்துப் போகிறது. குளிர்காலத்துக்கென்று செய்த டயர் மென்மை மாறாமல் இருக்கும். அதன் முகத்தில் நுணுக்கமான கீறல்கள் நிறைய இருந்து பனியைக் கடித்துப் பிடிக்கும். மூன்று முகடுள்ள மலையும் அதற்குள் ஒரு பனிப்பூவும் அதன் அடையாள முத்திரை. சாதாரணக் காரில் நல்ல பனி டயர் நான்கு இருந்தால், கோடை டயரோடு வருகிற பெரிய வண்டியைவிட அது பத்திரமானது என்பதுதான் இந்தக் கணக்கின் சாரம்.

இங்கேதான் விமர்சகனுக்கு வேலை வருகிறது. வண்டி விளம்பரமும் ஓர் எழுத்துத்தான். அதுவும் நம் காலத்தில் கதைகளைவிட அதிகமாகப் படிக்கப்படுகிற எழுத்து. இரண்டு விளம்பரப் படங்களை ஒப்பிடுகிறேன்.

1986இல் ஆடி கம்பெனி பின்லாந்தில் காய்ப்போலா என்ற இடத்தில், பனிச்சறுக்குக்காரர்கள் பாய்ந்து தாண்டுவதற்காகக் கட்டிய சரிவின்மேல், நான்கு சக்கர இயக்கமுள்ள காரை ஏற்றிக் காட்டியது. பார்த்தவர் மூச்சு நின்றது. 'நான்கு சக்கரம் இருந்தால் எதையும் ஏறலாம்' என்ற எண்ணம் உலகமெங்கும் பதிந்தது. ஆனால் அந்தக் காரின் டயர்களில் ஆணிகள் பதித்திருந்தார்கள். ஏறியதில் ஆணிக்கும் பங்கு உண்டு. புகழ் இயந்திரத்துக்கு மட்டும் போயிற்று. இது நல்ல அதிசயக் கதை. நல்ல கதை அல்ல.

மற்றொன்று 1960களின் முதற்பாதியில் வோக்ஸ்வாகன் கம்பெனிக்காக நியூயார்க்கின் டாயில் டேன் பெர்ன்பாக் நிறுவனம் எடுத்தது. விடியுமுன் இருட்டு. எங்கும் பனி. ஒரு சின்ன பீட்டில் கார் போய்க்கொண்டே இருக்கிறது. ஒரு கொட்டகைக்குப் போய்ச் சேருகிறது. பிறகு அங்கிருந்து ஒரு பெரிய வண்டி, சாலைப் பனியை வழித்துத் தள்ளுகிற வண்டி, புறப்பட்டு வருகிறது. படம் கேட்கிற கேள்வி இவ்வளவுதான்: ஊருக்கெல்லாம் வழி செய்து கொடுக்கிறவன், வழி உண்டாவதற்கு முன்னால் தன் வேலைக்கு எப்படிப் போகிறான்? பீட்டிலில் எஞ்சின் பின்னால், தள்ளுகிற சக்கரங்களின்மேல் இருந்தது. ஆகவே அது போனது நிஜம். அந்த ஓட்டுகிறவன் வீரன் அல்ல. அவனுடைய முகத்துக்குக்கூட அங்கே முக்கியத்துவம் இல்லை. அவன் வேலைக்குப் போகிறான். அவ்வளவுதான். ஆனால் பனி என்றால் என்ன என்பது அந்த ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடுகிறது. கார் விற்கிறவனுக்குத் தோன்றிய இந்தக் கேள்வி நம் பிரயாண இலக்கியத்துக்குத் தோன்றவில்லையே என்று எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இன்னோர் உதாரணம். 1931-32இல் அதே ஸித்ரோயேன் கம்பெனி, பின்சக்கரத்துக்குப் பதில் ரப்பர்ப் பட்டை பூட்டிய வண்டிகளில் ஆசியாவைக் கடக்க ஒரு பெரிய யாத்திரையை அனுப்பியது. 'மஞ்சள் யாத்திரை' என்று பேர். காஷ்மீரத்திலிருந்து கில்கிட் போகிற மலைப்பாதையில் வண்டிகள் திணறின. சில இடங்களில் அவற்றைக் கழற்றி, துண்டு துண்டாகக் கூலிகளின் முதுகில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். இமயத்தைக் கடந்தது இயந்திரம் என்று உலகம் பேசியது. இயந்திரத்தைச் சுமந்து கடந்தவர்களின் பேர் யாருக்கும் தெரியாது. பனியைப் பற்றிய வீரகாவியங்களில் எல்லாம் இந்தக் கோளாறு உண்டு. வண்டியின் பேர் நிலைக்கும். ஆளின் பேர் உதிர்ந்துபோகும்.

விளம்பரக்காரனைவிடச் சட்டம் எழுதுகிறவன் நல்ல விமர்சகன் என்று சில சமயம் தோன்றுகிறது. பிரான்சில் 2021 நவம்பரிலிருந்து, ஆல்ப்ஸ், பிரெனே, வோழ் முதலிய மலைப்பகுதிகளில் குறித்த ஊர்களில், நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை பனி டயரோ சங்கிலியோ இருக்கவேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனி டயர் கட்டாயம். இரண்டு சட்டமும் 'உன் வண்டியில் எத்தனை சக்கரம் இழுக்கிறது?' என்று கேட்கவில்லை. 'தரையைத் தொடுகிற ரப்பர் என்ன ரப்பர்?' என்று கேட்கின்றன. தரையைத் தொடுவதைப் பற்றிக் கேட்பதுதான் இலக்கியத்திலும் சரியான கேள்வி.

இலங்கையிலிருந்து 1983க்குப் பிறகு லட்சக்கணக்கில் தமிழர்கள் பனி நாடுகளுக்குப் போனார்கள். அவர்கள் எழுத ஆரம்பித்தபோது பனி தமிழுக்குள் உண்மையாகவே வந்தது. 1994இல் எஸ்.பொ.வும் இந்திரா பார்த்தசாரதியும் தொகுத்த கதைத் தொகுதியின் பேரே 'பனியும் பனையும்'. அழகான தலைப்பு, பொருத்தமான தலைப்பு. ஆனால் அந்தத் தலைப்பிலேயே ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. பனை என்றால் ஊர், பனி என்றால் ஊரை இழந்தது என்று ஒரு சூத்திரம் நிலைபெற்றுவிட்டால், பிறகு வருகிற எழுத்தாளனுக்குப் பனியைப் பார்க்கவேண்டிய அவசியமே இல்லாமல் போகும். சோகம் வந்தால் பனி பெய்யும். பனி பெய்தால் சோகம் வரும். பால், பஞ்சு, மல்லிகைக்குப் பதில் இப்போது தனிமை, துயரம், அகதி வாழ்வு. உவமை மாறியிருக்கிறது; ஜன்னல் மாறவில்லை. டொராண்டோவில் இருக்கிற அ. முத்துலிங்கத்தைப் போன்றவர்கள் அங்குள்ள அன்றாட வாழ்க்கையின் சின்னச் சின்ன விவரங்களை வேடிக்கையோடு சொல்லி இந்தச் சூத்திரத்தைக் கொஞ்சம் தளர்த்தியிருக்கிறார்கள். அந்த வழியில் இன்னும் பலர் போகவேண்டும்.

ஏனென்றால், ஓட்டுகிறவனுக்குப் பனி துயரமும் அல்ல, அழகும் அல்ல. அது ஒரு வேலை. முதல் கியரில் உதைத்துக் கிளப்பினால் சக்கரம் சுழன்று குழி தோண்டிக்கொள்ளும். இரண்டாவது கியரில், ஆக்ஸிலரேட்டரைத் தொட்டும் தொடாமலும் கிளம்பவேண்டும். வீராம்பட்டினத்துக் கடற்கரை மணலில் காரை மாட்டிக்கொண்டு தவித்தவர்களுக்கு இது உடனே புரியும். வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவில் பிரேக்கைத் தொடாமல் திரும்பவேண்டும். முன்சக்கரம் இழுக்கிற வண்டியில் அந்தச் சக்கரமே இழுக்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். இரண்டு வேலையை ஒரே சமயத்தில் அதிகமாகக் கேட்டால் அது இரண்டையும் விட்டுவிடும். வண்டி நேரே வழுக்கிக்கொண்டு போகும்போது ஸ்டியரிங்கை மேலும் மேலும் திருகுவது வீண். காலை எடுத்துவிட்டு, சக்கரம் மறுபடி தரையைப் பிடிக்கும்வரை காத்திருக்கவேண்டும். அந்த இரண்டு விநாடி காத்திருப்பில் ஒரு மனிதனுடைய சுபாவம் முழுவதும் தெரிந்துவிடும். ஒரு நாவலாசிரியனுக்கு இதைவிட என்ன வேண்டும்? பதறுகிறவன் யார், அடங்குகிறவன் யார், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மனைவி மூச்சைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருக்கிறாளா, 'பார்த்து, பார்த்து' என்கிறாளா என்று ஒரு குடும்பக் கதையே அங்கே இருக்கிறது.

இரண்டு சக்கரமே போதும் என்று நான் கொடி பிடிப்பதாகச் சிலர் நினைக்கலாம். அப்படியல்ல. ஹிமாசல் பிரதேசத்தில் 2020 அக்டோபரில் 9 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கச் சாலை திறந்த பிறகு, சமவெளிக்காரர்கள் சாதாரணக் கார்களில் பனியைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். 2024 டிசம்பரில் அங்கே திடீரென்று பெய்த பனியில் ஆயிரம் வண்டிகள்வரை வழியில் சிக்கிக்கொண்டன. போலீசார் இறங்கி, ஆட்களை மீட்டார்கள். 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் மரீ மலையூரில் அத்தனை நல்ல முடிவு கிடைக்கவில்லை. பனியில் புதைந்த கார்களுக்குள் 20க்கு மேற்பட்டவர்கள் ஓர் இரவில் இறந்துபோனார்கள். குளிர் ஒரு காரணம். சூட்டுக்காக எஞ்சினை ஓடவிட்டதால், பனி மூடிய குழாயிலிருந்து உள்ளே திரும்பிய விஷவாயு மற்றொரு காரணம். சிக்கிக்கொண்ட வண்டியில் முதலில் செய்யவேண்டியது புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை அகற்றுவது. ஜன்னலைச் சற்றே திறந்துவைப்பது. எஞ்சினை விட்டுவிட்டு ஓட்டுவது. இது தெரிந்திருந்தால் சிலராவது பிழைத்திருக்கலாம். அங்கே போனவர்கள் எல்லாரும் பனியின் வர்ணனையைக் கேட்டுப் போனவர்கள்தாம். பனியின் சுபாவத்தை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

ஆகவே இது வெறும் நடை பற்றிய தகராறு அல்ல. அழகை மட்டும் சொல்கிற எழுத்து பொய் சொல்கிறது என்பதோடு, அதை நம்புகிறவனை அனுப்பியும் வைக்கிறது. நான்கு சக்கரம் வாங்கினால் பயமில்லை என்கிற விளம்பரம் ஒரு பொய். வெள்ளைப் போர்வை என்கிற வர்ணனை மற்றொரு பொய். இரண்டுக்கும் நடுவில், சாதாரணக் காரும் நல்ல டயரும், ஒரு மண்வாரியும், ஒரு கம்பளியும், நிறைய நிதானமும் வைத்துக்கொண்டு, வருஷத்தில் நாலைந்து மாதம் தினமும் வேலைக்குப் போய்வருகிற லட்சக்கணக்கான மனிதர்களின் உண்மை இருக்கிறது. அவர்களில் நம் வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். 'இன்றைக்கு வெர்க்லா, நான் வண்டியை எடுக்கவில்லை' என்று மேஸ்திரிக்குப் போன் செய்து ஒரு நாள் கூலியை இழக்கிறவனுடைய துணிச்சல், சரிவில் காரை ஏற்றியவனுடைய துணிச்சலைவிடக் குறைந்ததல்ல. ஆனால் அவனைப் பற்றி யாரும் படம் எடுக்கமாட்டார்கள்.

அவனைப் பற்றி எழுதலாம். எழுதுவதற்குப் புதிய உவமை ஒன்றும் வேண்டாம். விடியற்காலை ஐந்து மணி, உறைந்த கதவுப் பிடி, சுரண்டுகிற சத்தம், இரண்டாவது கியர், ஊரில் அம்மா தூங்காமல் வைத்திருக்கிற போன், இவ்வளவையும் உள்ளது உள்ளபடி சொன்னால் போதும். அப்படி ஒரு பக்கத்தைத் தமிழில் படிக்கிற நாளில், புதுச்சேரித் திண்ணையில் உட்கார்ந்திருக்கிற தாய்க்குத் தன் பிள்ளை இருக்கிற நாடு முதன்முறையாகக் கண்ணுக்குத் தெரியும்.